தேரிமங்கலத்தில் பொழுது அடையாது

தேரிமங்கலத்துக்காரர்கள் தோற்கிற நிலையில் இருந்தால் அந்த ஊர் மைதானத்தில் பொழுது அடையாது. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் இருக்கிறது, வண்டி வண்டியாக இருக்கிறது, ஆனால் இது எங்கள் கரிசக்குடியில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வருடா வருடம் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊருக்கும் கோப்பை ஹாக்கி நடக்கும், நாங்கள் ஒரு கோல் முன்னால் இருப்போம், சூரியன் மேற்கே கிட்டங்கிச் சுவருக்கு மேல் வந்து அப்படியே நின்றுகொள்ளும், அவர்கள் ஒரு கோல் திருப்பிப் போட்ட பிறகுதான் இறங்கும். சமமாக முடிந்தால் கோப்பை யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கே என்பது சட்டம். கோப்பை யார் கையில் இருக்கிறதோ அந்த ஊரில்தான் அடுத்த ஆட்டம் என்பது இன்னொரு சட்டம். முப்பது வருடமாக அது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

அந்த மைதானத்தில் கடிகாரம் கிடையாது. ஜமீன் காலத்துப் பருத்திக் களம் அது. மேற்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு காலத்தில் பருத்தி மூட்டை அடுக்கிவைத்து இப்போது பாழடைந்துபோன கிட்டங்கியின் சுவர் மட்டும் நாலு ஆள் உயரத்துக்கு நிற்கிறது. சாயங்காலம் அந்தச் சுவரின் நிழல் தரையில் நகர்ந்து நகர்ந்து வந்து நடுக்கோட்டுச் சுண்ணாம்பைத் தொட்டதும் அம்பயர் நீள விசில் ஊதுவார், ஆட்டம் முடிந்தது. ஊர் ஊருக்குக் கைக்கடிகாரம் வந்து, செல்போன் வந்து, எல்லாம் வந்த பிறகும் அவர்கள் நிழலை விடவில்லை. எப்படி விடுவார்கள்?

அங்கே ஆட்டம் பார்க்கப் போவதைப் போல ஒரு தண்டனை உலகத்தில் இல்லை. பஸ்காரன் கண்மாய்க் கரையிலேயே இறக்கிவிட்டுவிடுவான். அங்கிருந்து கருவேல முள்ளுக்குள் நடந்து, சாக்கடையைத் தாண்டி, முன்வாசல் அவர்களுக்கு என்பதால் பின்வாசல் வழியாக நுழைந்து, கிழக்குப் பக்கத்துக் கல் படிக்கட்டில் போய் உட்கார வேண்டும். அந்தக் கல் காலையிலிருந்து வெயிலில் வெந்து நமக்காகவே காத்திருக்கும். உட்கார்ந்தால் சூரியன் நேராக முகத்தில். தண்ணீர்க் குழாயில் காற்று வரும். கக்கூஸ் பூட்டியிருக்கும், சாவி வைத்திருப்பவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பார், முப்பது வருடமாக அவர் ஏதாவது ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். ஸ்கோர் பலகையில் எங்கள் ஊர் பெயரை எழுத மாட்டார்கள், 'வந்தவர்கள்' என்று எழுதுவார்கள். மைக்காரன் எங்கள் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான், 'நீலச் சட்டை' என்பான். டாஸை யார் ஜெயித்தாலும், எப்படிச் சுண்டினாலும், இரண்டாவது பாதியில் எங்கள் கீப்பர்தான் கிழக்குக் கோலில் சூரியனைப் பார்த்து நிற்பான்.

இதையெல்லாம்விட எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்புவது கோடு போடுகிற வழக்கம். ஓடி ஓடி நடுக்கோடு அழிந்துபோனால் அதைத் திரும்பப் போட வேண்டியது வந்தவர்கள். அவர்கள் ஊர் ஆட்கள் குனிய மாட்டார்கள். மைக்காரன் "வந்தவர்கள் வந்து கோடு போடவும்" என்று கூப்பிடுவான், எங்கள் ஊரிலிருந்து ஒருத்தர் சுண்ணாம்புச் சட்டியையும், அடியில் ஆணியால் ஓட்டை போட்ட டின்னையும் எடுத்துக்கொண்டு நடு மைதானத்துக்குப் போய், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை முதுகை வளைத்துப் போட்டு வர வேண்டும். நிழலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற அவர்கள் ஊர் முழுக்கக் கை தட்டிச் சிரிக்கும். "நல்லாக் குனிஞ்சு போடுங்கய்யா!" அந்தச் சட்டியை நானே ஏழு தடவை தூக்கியிருக்கிறேன். நான் ஊரில் டெய்லர். எங்கள் டீமுக்குச் சட்டை தைப்பதும் நம்பர் ஒட்டுவதும் நான்தான்.

இந்த வருடம் எங்கள் கீப்பர் செண்பகராசு. ராசுவை வளர்த்தது அவனுடைய அக்கா சீனியம்மா. தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிறவள், சட்டத்தில் குச்சிகளை வரிசை பிசகாமல் அடுக்கி அடுக்கி அவள் விரல்களே குச்சி மாதிரி நேராகிவிட்டன என்று கேலி செய்வோம். மகா கோபக்காரி. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தம்பிக்கு ஸ்டிக்கும் பேடும் வாங்கிக் கொடுத்தாள். கோப்பை ஜெயித்த சர்டிபிகேட் இருந்தால் விளையாட்டுக் கோட்டாவில் அவன் வேலைக்கு எழுதிப் போடலாம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். அதனால் அவள் இந்தத் தடவை முதல் பஸ்ஸிலேயே வந்து, சுடுகிற கல்லில் முதல் ஆளாக உட்கார்ந்து, தேரிமங்கலத்தை ஒரு பாட்டம் திட்டி முடித்துவிட்டுத்தான் எங்களுக்கு இடம் விட்டாள்.

இரண்டாவது பாதி ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எங்கள் குட்டைச் சம்முகம் ஒரு கோல் போட்டான். நாங்கள் யாரும் பெரிதாகக் கத்தவில்லை. எல்லோரும் மேற்கே பார்த்தோம். நிழல் வந்தது, வந்தது, நடுக்கோட்டுக்கு எட்டடி இருக்கும்போது நின்றது. சூரியன் சுவருக்கு மேல் உட்கார்ந்துகொண்டது. தேரிமங்கலத்து ஆட்கள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, இனி அவசரமில்லை என்று கால்களை நீட்டினார்கள்.

மற்ற வருடங்களில் அரை மணி, ஒரு மணியில் அவர்கள் கோலைத் திருப்பிவிடுவார்கள். இந்த வருடம் ராசு விடவில்லை. அவர்களுடைய பெரிய ஃபார்வர்டு ராமபூபதி அடித்த பந்துகளைக் காலால் தடுத்தான், கையால் தடுத்தான், ஒரு தடவை நெஞ்சைக் கொடுத்துத் தடுத்தான். எங்களுக்குப் பசி வந்து, பசி போய், திரும்பப் பசி வந்தது. கண்மாய்க் கரையைத் தாண்டினால் அந்தப் பக்கம் இருட்டி, விடிந்து, எங்கள் ஊரில் திங்கட்கிழமை ஆகிவிட்டது. சோற்றுச் சட்டியோடு வந்த எங்கள் ஊர்ப் பெண்கள் அதைச் சொன்னார்கள். தேரிமங்கலத்தில் மட்டும் அதே ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம், அதே வெயில், அதே எட்டடி.

சீனியம்மா இறங்கி அம்பயரிடம் போனாள். அம்பயர் ஞானமுத்து வாத்தியார், தேரிமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சட்டம் என்றால் உயிரையே கொடுப்பார்.

"வாத்தியாரய்யா, விசில ஊதுங்க. எம்புட்டு நேரந்தான் பயலுக ஆடுவாங்க?"

"நிழல் தொடலையே தாயீ. தொட்டா ஊதப்போறேன். நானா அதப் பிடிச்சு வச்சிருக்கேன்?"

"உங்க ஊருச் சூரியந்தான?"

"சூரியன் எல்லாருக்கும் பொது" என்றார் வாத்தியார், நிழலில் நின்றுகொண்டு.

இந்தப் பதிலைக் கேட்டால் யாருக்குத்தான் உடம்பு பற்றி எரியாது? சீனியம்மா காறித் துப்பிவிட்டு வந்தாள்.

தேரிமங்கலத்துக்காரர்கள் சும்மா சொல்லக் கூடாது, எதையும் வீணாக்காதவர்கள். அடையாத வெயில் கிடைத்திருக்கிறது என்றதும் ஒருத்தி வீட்டிலிருந்து வற்றல் மிளகாயை அள்ளிக்கொண்டு வந்து கோட்டுக்கு வெளியே விரித்தாள். அதைப் பார்த்து அடுத்தவள் கூழ் வற்றலைச் சேலையில் பிழிந்து வந்து விரித்தாள், அடுத்தவள் அப்பளம், அடுத்தவள் மல்லி, அதற்கடுத்து நெல் அவித்தவர்கள், மெத்தையைக் காயப்போட்டவர்கள், நனைந்துபோன பழைய நோட்டுப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி வைத்த பள்ளிக்கூடத்துக்காரர்கள் என்று மைதானத்தைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லாமல் போனது. பந்து வெளியே போய் வற்றலில் விழுந்தால் பெண்கள் இரண்டு டீமையும் சேர்த்து வைதார்கள். செங்கல் சூளைக்காரர் ஒருத்தர் பச்சைச் செங்கலை வண்டியோடு கொண்டுவந்து கார்னர் கொடியருகே அடுக்கினார். வாத்தியார் அதற்கும் சட்டம் பார்த்து, ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை என்று அனுமதித்தார்.

ராமபூபதிக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்து அவன் பந்தைக் குறி பார்த்து நின்றபோது, அவனுடைய மாமியார் வரம்பிலிருந்து எழுந்து சத்தம் போட்டாள்:

"மாப்ள, அவசரப்படாதீங்க! வத்தல் அடிப்பக்கம் இன்னும் ஈரமாத்தான் இருக்கு!"

ராமபூபதி மரியாதை தெரிந்தவன். பந்தை வானத்துக்கு அடித்தான். அவர்கள் ஊர் கை தட்டியது. எங்கள் ஊர்ப் பிள்ளை அங்கே வெந்துகொண்டிருக்கிறான், இவர்களுக்கு வற்றல் காய வேண்டும்!

மூன்றாவது நாள், அதாவது எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை, மைதானத்தில் எல்லாச் சட்டையும் வெளுத்துவிட்டது. நான் எடுத்த நீலம் மட்டமான துணி இல்லை, கடைக்காரனோடு சண்டை போட்டு எடுத்த துணி. அதுவும் வெளுத்து, அவர்கள் சிவப்பும் வெளுத்து, இரண்டும் ஒரே அழுக்கு வெள்ளையாகிவிட்டதில், யார் எந்த ஊர் என்று தெரியாமல் ஆளாளுக்கு எதிராளிக்குப் பந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மாற்று ஆட்களை விட்டு மற்றவர்கள் முறை வைத்துச் சுவர் நிழலில் போய்ப் படுத்தார்கள். ராசுவுக்கு மட்டும் மாற்று இல்லை. எங்களிடம் ஒரு கீப்பர்தான்.

வற்றல் எல்லாம் காய்ந்து, காய்ந்தது கருகி, மிளகாய் தொட்டால் பொடியாகிற கட்டம் வந்ததும் தேரிமங்கலத்துக்கும் வெயில் கசந்துவிட்டது. கோழிகள் அடையாமல் கூரையில் நின்று கத்தின. கைப்பிள்ளைகள் தூங்கவில்லை. திங்கட்கிழமை காலை முகூர்த்தம் வைத்திருந்த ஒரு மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை முடியாததால், பட்டு வேட்டியோடு கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். கக்கூஸ் சாவிக்காரர் போயிருந்தது அந்தக் கல்யாணத்துக்குத்தான். பெண் வீட்டில் வெட்டிய காய் வாடுகிறது, பந்திக்கு வந்தவர்கள் சாப்பிட எதுவுமில்லாமல் கருகின வற்றலைத் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று அவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அழுதான். அதன் பிறகுதான் அவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலு பேர், கையில் ஒரு தட்டு வற்றலோடு, முதல் தடவையாக எங்கள் படிக்கட்டுக்கு ஏறி வந்தார்கள்.

"ஒரே ஒரு கோலு. அத விடச் சொல்லும்மா உன் தம்பிய. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. பொழுதும் அடையும்."

சீனியம்மா தட்டைத் தட்டிவிட்டாள். வற்றல் படிக்கட்டெல்லாம் சிதறியது.

"எங்க சாமியே வந்து கேட்டாலும் விட மாட்டான்யா! முப்பது வருசம் எங்களக் கல்லுல வறுத்தீங்களே, அப்பம் நல்லது கெட்டது தெரியலையா? மூணு நாளு வெயிலு தாங்கலையோ உங்களுக்கு? எந்திரிச்சுப் போங்க!"

அவர்கள் போன பிறகு, அவள் கோலுக்குப் பின்னால் போய் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் தண்ணீர்ச் செம்போடு கூடவே போனேன். பந்து அந்தக் கடைசியில் இருந்தது. ராசு அசையாமல் மேற்கே பார்த்து நின்றான். முகம் தோல் உரிந்து, கண் இரண்டும் பழுத்த மிளகாயாகச் சிவந்திருந்தன.

"ராசு, தண்ணி குடிச்சுக்க."

அவன் திரும்பிக் கையை நீட்டினான். செம்பு இருக்கிற பக்கம் நீட்டவில்லை.

சீனியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவனிடம், ரொம்ப மெதுவாக, "எம்புட்டு நேரமாடா?" என்று கேட்டாள்.

"நேத்துல இருந்து பந்து தெரியலக்கா. வெள்ளையா இருக்கு எல்லாம். ஸ்டிக்குல படுற சத்தத்த வச்சுத்தான் புடிக்கேன்."

"விட்டுருடா. ஒரு கோல விட்டுரு. பொழுது அடையட்டும், வீட்டுக்குப் போவோம்."

"இப்பத்தான அவங்ககிட்ட வேற சொன்ன? எனக்குக் கேட்டுச்சு."

"அது அவனுகளுக்குச் சொன்னது. உனக்குச் சொல்லுதேன், விடு! கண்ணு போயிருச்சுன்னா சர்டிபிகேட்ட நாக்குலயாடா வச்சுக்குவ?"

"அடுத்த வருசம் வயசு தாண்டிரும்லக்கா. நின்னுட்டுப் போறேன்" என்றான். அப்புறம் சத்தம் கேட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். விட மாட்டான். அந்தப் பிடிவாதம் அவளிடமிருந்துதானே வந்தது, அவள் யாரிடம் போய்க் கோபப்படுவாள்? வலையைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்கிக்கொண்டு நின்றாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மைதானத்தையே பார்த்தாள்.

அந்த நேரத்தில் மைக் கரகரத்தது. மூன்று நாள் ஓட்டத்தில் நடுக்கோடு அழிந்து, எங்கே இருந்தது என்றே தெரியாமல் போயிருந்தது. மைக்காரன் கொட்டாவியோடு சொன்னான்:

"வந்தவர்கள் வந்து கோடு போடவும்."

எங்கள் ஆட்கள் யாரும் எழவில்லை. சீனியம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "டெய்லரண்ணே, சட்டியத் தூக்கும்" என்றாள்.

நான் சட்டியோடு பின்னால் நடந்தேன். டின் அவள் கையில். அழிந்த கோடு இருந்த இடத்துக்கு வந்தோம். நான் சட்டியை இறக்கினேன். அவள் நிற்கவில்லை. நடந்துகொண்டே போனாள், ஓரடி, ஈரடி, எட்டடி, நிழலின் விளிம்பு வரைக்கும். அங்கே நின்று திரும்பி என்னைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் ஏழு தடவை சட்டி தூக்கியவன் நான், எனக்குத் தோன்றவில்லையே இது! சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவள் டின்னில் சுண்ணாம்பை அள்ளிக் குனிந்தாள். வற்றலைப் புரட்டிக்கொண்டிருந்த தேரிமங்கலம் பழக்க தோஷத்தில் கை தட்டியது. "நல்லாக் குனிஞ்சு போடுங்கய்யா!" என்று ஒருத்தர், யார் போடுகிறார், எங்கே போடுகிறார் என்று பார்க்காமலே கத்தினார். அவள் நல்லாவே குனிந்தாள். நிழலின் விளிம்பை ஒட்டி, இந்த வரம்பிலிருந்து அந்த வரம்புவரை, குச்சி அடுக்குகிற கை பிசகாமல், நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு போட்டாள். போட்டு முடித்து, நிமிர்ந்து, டின்னைத் தரையில் எறிந்தாள்.

"தொட்டுருச்சு" என்றாள்.

வாத்தியார் ஓடி வந்தார். ஊரே எழுந்தது.

"இதென்ன அநியாயம்! நடுக்கோடு இங்கேயா இருந்துச்சு?"

"எங்க இருந்துச்சு, காட்டுங்க. இல்ல பாத்தீங்களா? வந்தவங்க போடுறதுதான கோடு? முப்பது வருசமா அதான சட்டம்? உங்க ஊருல ஒருத்தன் ஒரு நாளு குனிஞ்சிருந்தா கோடு எங்கன்னு தெரிஞ்சிருக்கும். குனியச் சொன்னீங்க, குனிஞ்சேன். இந்தா கோடு, இந்தா நிழலு. இனி ஊதுறதுக்கு உங்களுக்கு என்ன கேடு?"

வாத்தியார் சுண்ணாம்பைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார், முட்டி போட்டு விரலை வைத்துப் பார்த்தார். விரலின் ஒரு பாதி நிழலிலும் ஒரு பாதி சுண்ணாம்பிலும் இருந்தது. பட்டு வேட்டிக்காரன் நாற்காலி மேல் ஏறி நின்று, "ஊதுங்க சார்! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஊதுங்க!" என்று அலறினான். "ஊதாதீங்க, கோப்பை போயிரும்!" என்று இன்னொரு பக்கம் கத்தினார்கள். சட்டத்தை மீறுவது வாத்தியார் வாழ்க்கையில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விசிலை வாயில் வைத்தார்.

நீள விசில் முடிவதற்குள் சூரியன் விழுந்தது. இறங்கவில்லை, விழுந்தது. மூன்று நாள் நின்ற கடன், ஒரே மூச்சில் சுவருக்குப் பின்னால் போய்விட்டது, மைதானம் கும்மிருட்டாகிவிட்டது. கோழிகள் வாயை மூடின. எங்கேயோ மேளச் சத்தம் கேட்டது. நாங்கள் ஜெயித்திருந்தோம். யாரோ இருட்டில் தடவித் தடவி வந்து கோப்பையை என் கையில் திணித்துவிட்டுப் போனார்கள், எங்கள் ஆட்கள் அங்கங்கே ஒருத்தரை ஒருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். கத்த வேண்டும், ஆட வேண்டும், முப்பது வருடத்துக்கும் சேர்த்துக் கெட்ட வார்த்தை சொல்ல வேண்டும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. சீனியம்மா கிழக்குக் கோலைப் பார்த்து ஓடினாள். நான் அவள் கொலுசுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ராசு கம்பத்தைப் பிடித்தபடி அதே இடத்தில்தான் நின்றிருந்தான். அவன் குரல் மட்டும் கேட்டது.

"யக்கா. பொழுது அடஞ்சிருச்சா? இல்ல எனக்குத்தான் தெரியலையா?"

"அடஞ்சிருச்சுடா. எல்லாருக்கும் இருட்டிருச்சு."

"நெசமாவா? எனக்காகச் சொல்லாத."

அவள் இடுப்பைத் தடவி, ஆபீஸிலிருந்து கொண்டுவந்து எப்போதும் வைத்திருக்கிற தீப்பெட்டியை எடுக்கிற சத்தம் கேட்டது. முதல் குச்சி உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் குச்சி அடுக்குகிற கைக்கு ஒரு குச்சியை உரசத் தெரியவில்லை. மூன்றாவது பற்றியது. அதை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். உரிந்த தோலும் வீங்கிய இமையும் தெரிந்தன. அவன் கண் அசையவில்லை. குச்சி பாதி எரிந்தது.

ராசு முகத்தைச் சுளித்துக்கொண்டு கையால் கண்ணை மறைத்தான்.

"அத அணைக்கா. கண்ணு கூசுது."

தீ அவள் விரலைத் தொட்டது. உதறினாள். இருட்டில் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"கூசட்டும்டா" என்றாள், அடுத்த குச்சியை உரசிக்கொண்டே. "நல்லாக் கூசட்டும்."